இஸ்ரவேலரின் முதல் மூவேந்தரும் ‘தோகை’ என்னும் சொல்லும்

சிங்கப்பூரின் கீழ்த்திசையில் அமைந்த பிடோக் என்னும் ஊர், பள்ளிவாசலில் தொழுகை நேரத்தை அறிவிக்க முழக்கும் பெருமுரசின் மலாய்ப் பெயரால் வழங்குவது என்பர். முரசு என்றவுடன் தமிழாசிரியர் நெஞ்சில் வேந்தரின் நினைவு எழுதல் இயல்பு. அவ்வூரிலேயே, ஒரு யூதக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ஃபிராங்கல் அவென்யூ என்னும் சாலையும் உண்டு. பிடோக்கில் தொடர்வண்டி ஏறிப் பூகிஸ் நிலையத்தில் இறங்குவோர் சிறிது தொலைவு நடந்தால் ஓப்பீர் சாலையை அடையலாம். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற லூர்து அன்னை ஆலயம் அச்சாலையில்தான் நிற்கின்றது. ஓப்பீர் என்பது யாது? சாலொமோன் மன்னனின் கப்பல்கள் பொன் ஏற்றிவந்ததாக யூதர் மறைநூல் கூறும் நாட்டின் பெயர் அது. ஜொகூரில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலைக்கு ஐரோப்பியர் அப்பெயரை இட்டனர். மலையின் பெயர் பின்னர்ச் சாலைக்கு வந்தது. அம்மன்னன் யார், அவனுக்கு முன் அரியணை ஏறியவர் யாவர், அவர்கள் வரலாற்றில் தமிழுக்கு உரிய இடம் ஏதேனும் உண்டா என்பவை ஆராயத் தக்கவை.

இஸ்ரவேலர் தொடக்கத்தில் மன்னர் இன்றி வாழ்ந்த குலத்தொகுதியினர். இடர் நேர்ந்தபோது நியாயாதிபதிகள் எனப்பெற்ற தலைவர்கள் தோன்றி அவர்களை நடத்தினர். கடைசியில் அப்பொறுப்பை ஏற்றிருந்தவர் சாமுவேல். அவருடைய மைந்தர்கள் கைக்கூலி வாங்கி நீதியைப் புரட்டியமையால், மற்ற நாட்டாரைப் போலத் தமக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று மக்கள் கேட்டனர். அதற்குச் சாமுவேல் கூறிய மறுமொழி, பண்டை நூல்களுள் அரசாட்சிக்கு எதிராக எழுந்த மிகக் கடுமையான உரைகளுள் ஒன்று. அரசன் உங்கள் ஆண்மக்களைத் தேர் ஓட்டவும் உழவும் கொள்வான். பெண்மக்களைச் சமைக்கவும் நறுமணம் கூட்டவும் கொள்வான். விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுப்பான். அன்று நீங்கள் ஓலமிட்டாலும் கேட்பார் இரார் என்பது அதன் சாரம். புறநானூற்றின் 184-ஆம் பாடலில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு யானை புகுந்த வயலைக் காட்டி வரியின் அளவை உணர்த்தியதைக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்விடத்தை மாணவர்க்கு உடன் வைத்துக் காட்டலாம். ஆயினும் வேறுபாடு பெரிது. தமிழ்ப் புலவர் அரசனை ஏற்றுக்கொண்டு அவனுக்கு அளவு சொல்கின்றார். சாமுவேலோ அரசு என்னும் அமைப்பையே ஐயுறுகின்றார்.

மக்கள் கேட்கவில்லை. ஆகவே பென்யமீன் குலத்துக் கீசின் மகனாகிய சவுல் முதல் அரசன் ஆனான். தந்தையின் காணாமற்போன கழுதைகளைத் தேடிச் சென்ற இளைஞன் அரசுரிமையோடு திரும்பினான் என்பது நூலின் கூற்று. சாமுவேல் அவன் தலையில் எண்ணெய் வார்த்தார். தமிழில் முடிசூட்டு விழா என்பதற்கு இஸ்ரவேலரிடத்தில் நேராக நிற்பது இவ்வெண்ணெய்ச் சடங்கே. எபிரெய மொழியில் எண்ணெய் பூசப்பெற்றவன் என்று பொருள்படும் சொல்லே பின்னாளில் ‘மேசியா’ எனவும், அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே ‘கிறிஸ்து’ எனவும் வழங்கலாயின. தமிழ் விவிலியத்தார் இதற்கு ‘அபிஷேகம்’ என்னும் சொல்லை எடுத்தாண்டனர். கோயில் வழக்கிலிருந்து வந்த அச்சொல் இங்கு நன்கு பொருந்துகின்றது.

சவுலைப் பற்றி இன்னொரு குறிப்பும் உண்டு. மிஸ்பா என்னும் இடத்தில் குலங்களைக் கூட்டிச் சீட்டுப் போட்டபோதும் அவன் பெயரே வந்தது. ஆனால் அவனோ மூட்டைகளிடையே ஒளிந்திருந்தான். ஒரே மன்னன் தேர்வை நூல் இருவகையாகக் கூறுவதைக் கொண்டு, வெவ்வேறு மரபுகள் பின்னாளில் ஒன்றாய்த் தொகுக்கப்பெற்றன என அறிஞர் கருதுவர். உத்தரமேரூர்க் குடவோலையை அறிந்த தமிழருக்குச் சீட்டெடுத்துத் தலைவனைக் காணும் முறை புதிதன்று. ஆனால் அங்கே ஊரவைக்கு உறுப்பினர் தேர்ந்தனர். இங்கே இறைவன் விருப்பத்தை அறியச் சீட்டு எடுத்தனர்.

சவுலின் முடிவு அவலமானது. கில்போவா மலையில் பெலிஸ்தரோடு பொருது தோற்றுத் தன் வாளின்மேல் தானே விழுந்து மாண்டான். மைந்தர் மூவரும் அன்றே பட்டனர். பகைவர் அவன் உடலைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டபோது, அவனால் முன்பு காக்கப்பெற்ற யாபேஸ் ஊரார் இரவெல்லாம் நடந்து சென்று அவ்வுடலை மீட்டு வந்தனர். நன்றி மறவாமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தன்னைக் கொல்லத் தேடித் திரிந்த சவுலுக்காகவும் நண்பன் யோனத்தானுக்காகவும் தாவீது பாடிய இரங்கற்பா, தமிழ் இலக்கணத்தார் கையறுநிலை என வகுத்த துறைக்கு முற்றும் பொருந்துவது. பாரிக்காகக் கபிலர் இரங்கியது நட்பின் பெருக்கால். இங்கே பகைத்தவனுக்கும் இரக்கம் ஊறுகின்றது.

இரண்டாம் அரசனாகிய தாவீது எப்ரோனில் ஏழரை ஆண்டும் எருசலேமில் முப்பத்துமூன்று ஆண்டும் ஆண்டான். இசையும் வீரமும் ஒருங்கு வாய்த்தவன் என்று அவனைப் போற்றும் நூல், அவன் குற்றத்தை மறைக்கவில்லை. படைவீரன் உரியாவின் மனைவியை விரும்பி, அவனைப் போர்முனையில் மடியச் செய்தான். நாத்தான் என்னும் தீர்க்கர், ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையைச் சொல்லி, அரசன் வாயாலேயே தீர்ப்பு வருவித்து, அச்செல்வன் நீரே என்றார். தாவீது தன் பிழையை ஒப்புக்கொண்டான். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பிழை உணர்ந்த அக்கணமே உயிர் துறந்தான். தாவீதோ உயிரோடிருந்து அதன் விளைவுகளைத் தன் குடும்பத்திலேயே ஒவ்வொன்றாகக் கண்டான். எது கொடிய தண்டனை என்பதை வகுப்பறையில் மாணவரே வாதிடட்டும்.

தாவீது உண்மையில் வாழ்ந்தவனா என்று ஐயுற்றோரும் உண்டு. 1993-ஆம் ஆண்டில் இஸ்ரேலின் வடகோடியில் தேல் தான் என்னும் இடத்தில் கிடைத்த கி. மு. ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ‘தாவீதின் வீடு’ என ஓர் அரசகுலம் குறிக்கப்பெற்றமை அவ்வையத்தைப் பெரிதும் தளர்த்தியது. அவன் ஆண்ட நாடு மறைநூல் கூறுமளவு பரந்ததா, அன்றி ஒரு மலைநாட்டுத் தலைமை அளவினதா என்பதில் அகழ்வாராய்ச்சியாளர் இன்றும் ஒன்றுபட்டிலர்.

இங்கே இடையில் ஒன்று. மிடில் சாலையும் செலிகி சாலையும் கூடும் பகுதியில் 1928-இல் எழுந்த டேவிட் எலியாஸ் கட்டடத்தில் ஆறுமுனை விண்மீன் பொறிக்கப்பெற்றிருக்கின்றது. தாவீதின் விண்மீன் என வழங்கும் அச்சின்னம் மறைநூலில் தாவீதோடு எங்கும் சேர்த்துச் சொல்லப்படவில்லை. யூதர் அதனைத் தம் அடையாளமாகக் கொண்டது இடைக்காலத்திற்குப் பின்னரே. அதே ஆறுகோணம் தமிழருக்கு முருகன் சக்கரம். உருவம் ஒன்றாயிருத்தல் கொண்டு உறவு நாட்டப் புகுவது தவறு. இவ்வெச்சரிக்கை பின்வரும் பகுதிக்கும் வேண்டும்.

மூன்றாம் அரசன் சாலொமோன் கி. மு. பத்தாம் நூற்றாண்டினன். எருசலேமில் கோயில் எழுப்ப ஏழாண்டும், தன் அரண்மனை எழுப்பப் பதின்மூன்றாண்டும் கொண்டான் என நூலாசிரியர் இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைக்கின்றார். உரை ஏதும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தேவையும் இல்லை. லீபனோன் மரங்களை வெட்ட முப்பதினாயிரவர் வேலைக்குப் பிடிக்கப்பட்டனர். சாமுவேல் சொன்னது நடந்தேறியது. அவன் மகன் ரெகொபெயாம் சுமையைக் குறைக்க மறுத்தவுடன் வடபாற் குலங்கள் பிரிந்தன; ஒன்றுபட்ட நாடு மூன்று மன்னரோடு முடிந்தது. தமிழகத்து மூவேந்தர் ஒரே காலத்து மூன்று குடியினர். இம்மூவரோ ஒருவர்பின் ஒருவராய் வந்தவர்.

இச்சாலொமோனின் கப்பல்களே தமிழறிஞரை ஈர்த்தவை. மூன்றாண்டுக்கு ஒருமுறை அவை பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு, ‘துக்கி’ ஆகியவற்றைக் கொணர்ந்தன என்று அரசர் முதலாம் நூலின் பத்தாம் அதிகாரம் கூறும். துக்கி என்பது மயில் எனப் பழைய மொழிபெயர்ப்பாளர் கொண்டனர். அது தமிழ்த் ‘தோகை’யே எனக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். அன்று முதல் இச்செய்தி பாடநூல்களிலும் மேடைகளிலும் உலவி வருகின்றது. எருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைம் ராபின், 1968-இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ்க் கருத்தரங்கின் தொகுதியில் எபிரெயத்துள் புகுந்த தமிழ்க் கடன்சொற்கள் பற்றி எழுதினார். சாலொமோன் பெயரால் வழங்கும் உன்னதப்பாட்டைச் சங்க அகப்பாடல்களோடும் அவர் ஒப்பிட்டார். ‘அகாலோத்’ என்னும் நறுமண மரத்தின் பெயர் அகிலோடு ஒத்திருத்தலும் இங்கு எண்ணத்தக்கது.

இவ்வளவும் கேட்கத் தமிழருக்கு இனிக்கும். ஆயினும் எதிர்ச்சான்றுகளையும் சொல்வதே ஆசிரியர் கடன். முதலாவது, தமிழில் அப்பறவைக்குப் பொதுப்பெயர் மயிலும் மஞ்ஞையும். தோகை முதலில் அதன் வாலையே குறிக்கும்; கரும்பின் தாளையும் குறிக்கும்; மயிலுக்கு அஃது ஆகுபெயர். கப்பலேறியது பறவையன்று, அதன் தோகையே என்று கொண்டால் இத்தடை ஓரளவு நீங்கும். இரண்டாவது, கிரேக்க மொழிபெயர்ப்பின் பழைய படி ஒன்றில் அவ்விடத்தில் குரங்கும் மயிலும் இல்லை. செதுக்கிய கற்களே உள்ளன. மூன்றாவது, துக்கி என்பது ஒருவகைக் குரங்கைக் குறிக்கும் எகிப்தியச் சொல் என்று ஆல்பிரைட் என்னும் அமெரிக்க அறிஞர் கருதினார். குரங்கைக் குறிக்கும் ‘கோப்’ வடமொழிக் ‘கபி’யோடு ஒத்தாலும், எகிப்திலும் அதனை ஒத்த சொல் இருந்தது. ஆகவே கப்பல்கள் செங்கடல் வழியே ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று மீண்டன எனக் கொள்ளவும் இடமுண்டு.

சந்தனம் எனப் பலர் கொண்ட ‘அல்மக்’ மரத்தின் கதை இன்னும் சிக்கலானது. அரசர் நூல் அது ஓப்பீரிலிருந்து வந்தது என்கின்றது. நாளாகம நூலோ ‘அல்கும்’ மரத்தை லீபனோனிலிருந்தும் அனுப்பச் சாலொமோன் கேட்டதாகக் கூறுகின்றது. லீபனோனில் சந்தனம் வளர்வதில்லை.

ஓப்பீர் எங்கே என்பதும் முடிவுறாத வினா. அரபு நாடு, ஆப்பிரிக்கக் கரை, மும்பைக்கு அருகிலுள்ள சோபாரா எனப் பலரும் பலவிடம் காட்டினர். திருநெல்வேலிக் கடற்கரையிலுள்ள உவரியே ஓப்பீர் என்பாரும் உளர். ஒலி ஒப்புமை ஒன்றைத் தவிர அதற்குச் சான்று இல்லை. உவர்நிலம் உள்ள இடமெல்லாம் உவரி எனப் பெயர் பெறக்கூடும். ஓப்பீர் வெறுங்கற்பனை அன்று என்பது மட்டும் தெளிவு. தேல் காசிலே என்னும் இடத்தில் கிடைத்த கி. மு. எட்டாம் நூற்றாண்டுப் பானையோடு ஒன்றில் ஓப்பீர்ப் பொன் முப்பது சேக்கல் எனக் கணக்கு எழுதப்பெற்றுள்ளது. ஆனால் சாலொமோன் பெற்ற பொன் எவ்வளவு என்பதில் மறைநூல்களே வேறுபடுகின்றன: அரசர் நூலில் 420 தாலந்து, நாளாகம நூலில் 450.

அங்ஙனமாயின் தென்னாட்டு வாணிகம் அக்காலத்தில் மேற்கே எட்டவில்லையா? எட்டியிருந்தது. கி. மு. 1213-இல் இறந்த எகிப்திய மன்னன் இரண்டாம் ராமசேசின் பதப்படுத்திய உடலில், மூக்கினுள் மிளகு காணப்பட்டது. மிளகின் தாயகம் சேரநாட்டு மலைச்சாரல். சாலொமோனுக்கு இருநூறாண்டுகட்கு மேல் முந்திய சான்று அது. பொருள் சென்ற வழியில் சொல்லும் சென்றிருக்கலாம். கைமாறிக் கைமாறிச் சென்றது என்பதே பொருத்தம். சாலொமோனின் மரக்கலம் தமிழகத் துறையில் நங்கூரம் இட்டது என்று கரும்பலகையில் எழுதுதற்கு இச்சான்று போதாது. தோகை என்னும் சொல் எபிரெயத்துள் சென்றிருக்கக்கூடும் என்று எழுதுதற்குப் போதும்.

இம்மூவர் பெயர்கள் தமிழருக்கு வந்த வழிகள் வேறு. கிறித்தவருக்குச் சவுல், தாவீது, சாலொமோன். இசுலாமியருக்குத் தாலூத், தாவூத், சுலைமான். சுலைமான் எறும்பின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்ததைத் திருக்குர்ஆனின் 27-ஆம் அத்தியாயம் கூறும். சிங்கப்பூரில் தமிழ்பேசும் வீடுகளில் தாவூதும் சுலைமானும் இன்றும் வழங்கும் பெயர்கள். பாக்தாதிலிருந்து வந்த யூதர் வாட்டர்லூ தெருவில் 1878-இல் திறந்த தொழுகைக்கூடத்தில் அதே மன்னர் கதைகள் எபிரெயத்திலேயே படிக்கப்பெறுகின்றன. அச்சமூகத்திற் பிறந்து 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் சால் மார்ஷலின் பெயரில் இரண்டாம் அரசனும் முதல் அரசனும் அடுத்தடுத்து நிற்கின்றனர். அவர் ஆட்சியில் அமைந்த அனைத்துக் கட்சிக் குழுவே 1956-இல் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிப் பள்ளிகளையும் ஒப்ப நடத்தப் பரிந்துரைத்தது.

இக்கால எபிரெயத்தில் துக்கி என்பது கிளியின் பெயர். மயிலுக்கு அவர்கள் சொல்வது ‘தவாஸ்’. கிரேக்க ‘தாவோஸ்’ வழியே வந்தது. அக்கிரேக்கச் சொல்லுக்கும் தோகையே மூலம் என்பார் சிலர்; அதற்கும் உறுதியான சான்று இன்னும் கிடைக்கவில்லை.