சமநிலை என்னும் பிழை

1998 பிப்ரவரி 26 அன்று இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை செய்தியாளர்களைக் கூட்டி, லான்செட் மருத்துவ இதழில் வெளிவரவிருந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை அறிவித்தது. கட்டுரை பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றியது. குடல் அழற்சியும், மதியிறுக்கம் (ஆட்டிசம்) போன்ற வளர்ச்சிக் குறைபாடும் கொண்ட அக்குழந்தைகளுள் எண்மருக்கு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பூசி போட்ட பிறகே குறைபாடு தோன்றியதாகப் பெற்றோர் கூறியிருந்தனர். ஊசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதைக் கட்டுரையே ஒப்புக்கொண்டது. ஆயினும் முதன்மை ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, முத்தடுப்பூசியை விடுத்து மூன்றையும் தனித்தனியே போடுவதே நல்லது என்று அக்கூட்டத்தில் சொன்னார். நாட்டைக் கலக்கியது அந்தச் சொல்.

கட்டுரையின் வலுவின்மை எளிதில் விளங்கக் கூடியது. பிரிட்டனில் 1988 முதல் முத்தடுப்பூசியின் முதல் தவணை, குழந்தைக்கு ஓர் அகவை நிறைந்த சில திங்களில் போடப்பட்டு வந்தது. பேச்சு தடைப்படுதல், கண்ணோடு கண் நோக்காமை முதலிய மதியிறுக்க அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் இரண்டாம் அகவையில்தான். ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் ஊசி போட்டுக்கொள்ளும் நாட்டில், ஊசிக்குப் பின் மதியிறுக்கம் வெளிப்படும் குழந்தைகள் பலர் இருந்தே தீருவர். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்று தெளிய வேண்டுமானால், ஊசி போடாத குழந்தைகளையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். பன்னிரண்டு பேரைக் கொண்ட, ஒப்பீட்டுக் குழுவே இல்லாத கட்டுரையால் அது இயலாது. டென்மார்க் எண்ணிப் பார்த்தது. அங்கு ஆராயப்பட்ட 5,37,303 குழந்தைகளுள் 4,40,655 பேர் ஊசி போட்டுக்கொண்டவர். மதியிறுக்கம் அவர்களிடம் மற்றவரைவிட மிகுந்திருக்கவில்லை. 2002-இல் வெளியான இம்முடிவே போதியதாக இருந்திருக்க வேண்டும்.

போதவில்லை. அதற்கு முதற்காரணம் நாளிதழ்களும் ஒளிபரப்பும் கையாண்ட முறை. ஊசி தீங்கற்றது என்பார் ஒருவர், தீங்கானது என்பார் ஒருவர் என இருவருக்கும் சரிபாதி இடம் கொடுத்து, அதையே நடுநிலை என்றனர். உலகின் மருத்துவ அறிஞர் ஏறக்குறைய அனைவரும் ஒரு பக்கம் நின்றதும், மறுபக்கம் நின்றவர் மிகச் சிலரே என்பதும் அந்தப் பங்கீட்டில் மறைந்தன. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் மக்களிடம் கேட்டறிந்தபோது, இரு தரப்புக்கும் சான்றுகள் சமமாகவே உள்ளன என்று 53 விழுக்காட்டினர் நம்பியிருந்தனர். பெரும்பான்மைச் சான்று தடுப்பூசியின் பக்கமே என அறிந்தவர் 23 விழுக்காட்டினர். ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க, மொத்தச் செய்தி பொய்யாகி நின்ற நேர்வு இது. நேரடிப் பொய்யைவிட இதைக் கொடியது என்பேன். மறுக்கும்போது பிடித்துக்காட்ட ஒரு வரியும் அகப்படுவதில்லை.

வேல்சு நாட்டின் சுவான்சி நகரில் இதன் விளைவை அளந்தே காட்டியிருக்கிறார்கள். லான்செட் கட்டுரைக்கும் முன்பாக, 1997 கோடையில், அந்நகரின் சவுத் வேல்ஸ் ஈவினிங் போஸ்ட் நாளிதழ் முத்தடுப்பூசி பற்றிய பெற்றோரின் அச்சங்களைத் தொடர்ந்து வெளியிட்டது. அவ்விதழ் விற்பனையாகும் பகுதியில் ஊசி போட்டுக்கொள்ளும் அளவு 13.6 விழுக்காடு குறைந்ததைப் பின்னர் ஓர் ஆய்வு கண்டது. வேல்சின் பிற பகுதிகளில் குறைவு 2.4 விழுக்காடே. 2012 இறுதியில் அதே சுவான்சி வட்டாரத்தில் தட்டம்மை வெடித்தது. 1,200-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயினர். ஓர் இளைஞர் இறந்தார். மிகுதியாகத் தாக்குண்டவர்கள் 10 முதல் 18 அகவையினர், அதாவது அச்சம் பரவிய ஆண்டுகளில் ஊசியின்றி விடப்பட்ட குழந்தைகள். பழி முழுவதையும் அந்த ஒரே நாளிதழின்மேல் ஏற்றுவது முறையாகாது. இங்கிலாந்திலும் அளவு 92 விழுக்காட்டிலிருந்து 2003–04-இல் 80-க்கு இறங்கியிருந்தது. தட்டம்மையைத் தடுத்து நிறுத்த 95 வேண்டும்.

அரசியலார் என்ன செய்தனர்? 2001 திசம்பரில், தம் கடைசி மகன் லியோவுக்கு முத்தடுப்பூசி போடப்பட்டதா என்னும் வினாவுக்குத் தலைமை அமைச்சர் டோனி பிளேர் விடை தர மறுத்தார். குழந்தையின் உடல்நலம் குடும்பத்துக்கு உரியது என்பதை நானும் ஏற்பேன். ஆனால் நாட்டின் பெற்றோர் அனைவரையும் ஊசி போடச் சொல்லும் அரசின் தலைவர் காத்த அமைதி, ஐயத்துக்கே உரமாயிற்று. ஊசி போடப்பட்டது என்ற செய்தியை அவர் துணைவியார் 2008-இல் தம் நூலில் வெளியிட்டபோது காலம் கடந்திருந்தது. எதிர்க்கட்சியான பழமைவாதக் கட்சியின் லியம் ஃபாக்ஸ் தனித்தனி ஊசிகளுக்கு வழிவிடக் கோரினார்; இலண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் முத்தடுப்பூசிக்கு எதிராகப் பேசினார். தனித்தனி ஊசிகளுக்கு இடைப்பட்ட திங்களில் குழந்தை காப்பின்றி நிற்கும் என்பதை இவர்கள் எடைபோட்டதாகத் தெரியவில்லை.

உண்மையை வெளிக்கொணர்ந்தவரும் ஒரு செய்தியாளரே. சண்டே டைம்ஸ் இதழின் பிரையன் டியர் 2004-இல் எழுதத் தொடங்கினார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞரிடமிருந்து வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்தார். மொத்தம் 4,35,643 பவுண்டு என்பது பிறகு தெரியவந்தது. உடன் எழுதிய பன்னிருவருள் பதின்மர் கட்டுரையின் விளக்கத்தைத் திரும்பப் பெற்றனர். பொது மருத்துவ மன்றம் நெடிது உசாவியது. தம் மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த சிறுவர்களிடம், ஆளுக்கு ஐந்து பவுண்டு கொடுத்து வேக்ஃபீல்டு குருதி எடுத்ததும் அங்கு உறுதியாயிற்று. 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையை நீக்கியது. மே திங்களில் வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவு பறிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் மிக நீண்ட காலந்தான். ஆயினும் அறிவியல் தன் பிழையைத் தீர்த்தது.

நாளிதழ்களை அவ்வாறு நிறுத்திக் கேட்க ஓர் அவையும் இருக்கவில்லை. அன்றிருந்த இதழ் முறையீட்டு ஆணையம் நாளிதழ்களின் பணத்திலேயே நடந்தது. தண்டம் விதிக்கும் ஆற்றல் அதற்கில்லை. நாளிதழ்களின் தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஊழலால் அமைந்த லெவசன் உசாவல் 2012-இல் தன் முதற்பகுதி அறிக்கையைத் தந்தது. இரண்டாம் பகுதியைப் பழமைவாதக் கட்சி அரசு 2018-இல் கைவிட்டது. 2017 தேர்தலில் அதை நடத்துவதாக உறுதி கூறிய தொழிற்கட்சி, 2024 தேர்தல் அறிக்கையில் அதைக் குறிப்பிடவே இல்லை. அச்சம் எந்தப் பக்கத்தில், எத்தனை நாள் அச்சேறியதோ, அதே பக்கத்தில் அத்தனை நாள் திருத்தமும் அச்சேற வேண்டும். இவ்விதியைச் சட்டமாக்கும் துணிவு இரு பெருங்கட்சிகளுக்கும் இதுவரை வரவில்லை.