நாற்பது எழுத்துச் சீட்டு

என் பர்ஸில் ஏழெட்டு வருடம் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. நான்கு நான்காகப் பிரித்த பத்துத் தொகுதிகள், மொத்தம் 40 எழுத்து. எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்துகட்டிக் கிடக்கும். லாட்டரி நம்பரா என்று வீட்டில் கேட்டார்கள். என் ‘கீ’யுடைய கைரேகை என்றேன். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

2001-ல் எழுதிய சீட்டு அது. சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை. சர்வர் பாஸ்வேர்டுகளை மின்னஞ்சலில் அப்படியே அனுப்ப முடியாது, உங்கள் பப்ளிக் கீயை அனுப்புங்கள் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எழுதிவிட்டார். அது என்ன வஸ்து என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, லினக்ஸ் பைத்தியம் என்று பெயர் வாங்கியிருந்த ஒரு சீனியரைத் தவிர. மாலை ஆறு மணிக்கு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்தபோது ஒன்பதரை.

கறுப்புத் திரையில் ஜிஎன்யுபிஜி என்ற அந்த மென்பொருள் வரிசையாகக் கேட்டது. எந்த வகைக் கீ? எத்தனை பிட் நீளம்? எப்போது காலாவதி ஆக வேண்டும்? ஒன்றும் புரியாதவனிடம் கேட்கக்கூடாத கேள்விகள். காலாவதிக்கு ஒன்றும் எழுதாமல் என்டர் தட்டினால் ‘ஒருபோதும் இல்லை’ என்று அர்த்தம். தட்டினேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பிறகு திரை அப்படியே நின்றுபோனது. கணிப்பொறிக்கு ரேண்டம் எண்கள் போதவில்லையாம், எதையாவது தட்டுங்கள், மவுஸை ஆட்டுங்கள் என்று செய்தி வந்தது. “சும்மா எதையாவது அடிச்சிட்டே இருப்பா” என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினார் சீனியர். ஆபீஸில் வேலையே செய்யாமல் கீபோர்டைத் தட்டியதற்குப் பாராட்டு வாங்கியது அந்த ஒரு நாள்தான்.

பப்ளிக் கீ என்றால் என்ன என்பதை அவர் சொன்ன விதம் இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. “சாவின்னு நினைச்சா குழம்பிடுவே. கோயில் உண்டியல்னு நினைச்சுக்கோ. மேல இருக்கிற ஓட்டை ஊருக்கே பொது. யார் வேணும்னாலும் போடலாம். போட்டவனே திரும்பி வந்தாலும் எடுக்க முடியாது. திறக்கிற சாவி உன்கிட்ட மட்டும்தான். நீ ஊருக்கு அனுப்புறது உண்டியலை. சாவியை எவனுக்கும் அனுப்பாதே.” டிஜிட்டல் கையெழுத்து இதற்குத் தலைகீழ்: தன்னிடம் மட்டும் இருக்கும் சாவியால் முத்திரை போடுவது, ஊரார் எல்லாரும் அதைச் சரிபார்ப்பது.

கிளம்பும்போதுதான் அந்த 40 எழுத்தைச் சீட்டில் எழுதச் சொன்னார். “நாளைக்கு க்ளையண்டுக்கு போன் போட்டு இதை வாசிச்சுக் காட்டு. மெயில்ல அனுப்பாதே. மெயிலை நம்ப முடியலன்னுதானே இவ்வளவும்.” மறுநாள் ஐஎஸ்டி கட்டணத்தில், பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி என்று நாற்பதையும் வாசித்தேன். அந்தப் பக்கம் ஒவ்வொரு தொகுதிக்கும் ‘ஓகே’ சொன்னது ஒரு பெண் குரல். அதுவரை மின்னஞ்சல் முகவரியாக மட்டும் தெரிந்தவர் அன்றைக்குத்தான் ஆளானார்.

எங்கள் சீனியருக்கு முந்தைய ஆட்களுக்கு இந்த மாதிரி மென்பொருள் கைக்கு வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்தது. பூட்டுவது ஒன்று, திறப்பது வேறொன்று என்ற யோசனையை டிஃபியும் ஹெல்மேனும் 1976-ல் வெளியிட்டார்கள். சாதாரண ஆள் வீட்டுக் கணிப்பொறியில் ஓட்டும்படி அதைச் செய்துகொடுத்தவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்காரர் ஃபில் ஸிம்மர்மேன். ஆண்டு 1991. ‘பரவாயில்லாத அந்தரங்கம்’ என்பதுபோல ஒரு பெயர் வைத்தார், சுருக்கமாக பிஜிபி. வானொலி நிகழ்ச்சி ஒன்றில் வரும் கற்பனை மளிகைக் கடையின் பெயரைப் பார்த்து வைத்த பெயர் அது. ஆனால் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தின் கண்ணுக்கு வலுவான மறையாக்கம் போர்த்தளவாடம். பீரங்கிக் குண்டுடன் ஒரே பட்டியல். ஸிம்மர்மேன் மேல் 1993-ல் தொடங்கிய விசாரணை 1996 ஜனவரியில் வழக்கு ஏதும் போடாமலே கைவிடப்பட்டது. இடையில், 1995-ல், எம்ஐடி பிரஸ் பிஜிபியின் மூலநிரலை அச்சுப் புத்தகமாகவே போட்டது. ஃபிளாப்பி ஆயுதம் என்றால் ஆகட்டும், புத்தகத்தை யார் தடுப்பது? 1997-ல் ஐந்தாம் பதிப்பு இந்த வழியில்தான் ஐரோப்பா போனது. 6,000 பக்கத்துக்கு மேற்பட்ட நிரல் புத்தகங்களாக அச்சாகிக் கடல் கடந்தது. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, மறுபடியும் மென்பொருளாக்கினார்கள். மென்பொருளை நிறுவ உதவுவது என்றால் அன்றைக்கு இதுவும் சேர்த்தி.

கைக்கு வந்தபின் என்ன ஆனது? 1999-ல் ஆல்மா விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, பிஜிபி ஐந்தாம் பதிப்பைக் கொடுத்து, 90 நிமிடம் அவகாசம் தந்தார்கள். அழகான படங்களும் பொத்தான்களும் உள்ள பதிப்பு அது. ஒரு ரகசியத்தை மறையாக்கி, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்குப் பேர்தான் ஒழுங்காக முடித்தார்கள். மூன்று பேர் ரகசியத்தை அப்படியே திறந்த மடலாக அனுப்பிவிட்டார்கள். ஏழு பேர் பெறுபவரின் கீயை விட்டுவிட்டுத் தங்கள் சொந்தக் கீயால் பூட்டினார்கள். தன் வீட்டு உண்டியலில் காசைப் போட்டு, அதை அடுத்தவர் தலையில் தூக்கி வைத்த கதை. இதில் அந்த ஏழு பேரின் தப்பு என்ன இருக்கிறது? பூட்டுக்குச் சாவி என்று பெயர் வைத்தவர்கள் அல்லவா குழப்பியது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர யாரும் இல்லை என்பதுதான் அந்தச் சோதனையின் உயிர்நாடி. என் பக்கத்தில் ஒருவர் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்படி உட்கார்பவர் வழி சொல்வதோடு நிற்பதில்லை. இது இன்னாருடைய கீதான் என்பதற்கும் அவரே சாட்சி. அவர் என் கீக்குத் தன் கீயால் கையெழுத்துப் போட்டார், நான் இன்னொருவருக்குப் போட்டேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது ‘அவங்களைத் தெரிஞ்சவங்களை எனக்குத் தெரியும்’ என்பார்களே, அந்தக் கணக்கு. இதற்கென்றே கூட்டம் போடுவார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பிப்ரவரிக் குளிரில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டில், கையில் பாஸ்போர்ட்டும் கைரேகைப் பட்டியலுமாக ஆட்கள் இரண்டு வரிசையில் எதிரெதிரே நின்று, ஒவ்வொரு அடியாக நகர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்ப்பது வழக்கமாக இருந்தது. நம்மூர்க்காரருக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கீயில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர். என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு ஜெர்மானியரிடம், அந்த எஸ் என் அப்பாதான் என்று விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைசிவரை அவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் செய்தது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

உதவி கிடைப்பதும் ஒரு வகையில் அதிர்ஷ்டம்தான். சில நேரம் உதவி தேடி வந்தும் கதவு திறக்காது. 2012 டிசம்பரில் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டுக்கு, சின்சினாட்டஸ் என்ற புனைபெயரில் ஒருவர் மடல் எழுதினார். முக்கியமான சேதி இருக்கிறது, முதலில் பிஜிபி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். படிப்படியாக வழி எழுதி அனுப்பினார். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் செயல்விளக்கக் காணொளியே தயாரித்துத் தந்தார். கிரீன்வால்டுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. தள்ளிப் போட்டுக்கொண்டே போனார். அலுத்துப்போன சின்சினாட்டஸ், கீ ஏற்கெனவே வைத்திருந்த ஆவணப்பட இயக்குநர் லாரா பொய்ட்ராஸிடம் போனார். அந்தச் சின்சினாட்டஸ்தான், பின்னால் அமெரிக்க அரசின் உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன். 2013 ஜூனில் உலகத்தையே உலுக்கிய சேதி, ஒரு மென்பொருளை நிறுவச் சோம்பல் பட்டதால் கிரீன்வால்டின் கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருந்தது.

அதற்குச் சற்று முன்னால், 2012-ல், ஆஸ்திரேலியாவில் ‘கிரிப்டோபார்ட்டி’ என்று ஒன்று தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனால் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொடுப்பார். இத்தனை பேர் நம்பியிருந்த, பிஜிபியின் வேலையையே செய்யும் ஜிஎன்யுபிஜியை 1997 முதல் எழுதிப் பராமரித்து வந்தவரோ கிட்டத்தட்டத் தனி ஆள், ஜெர்மனியின் வெர்னர் கோக். ஆண்டுக்குச் சராசரி 25,000 டாலர் வருமானத்தில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தது 2015 பிப்ரவரியில் ஒரு செய்திக் கட்டுரை வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அதன்பின் நன்கொடை கொட்டியது. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் தருவதாக அறிவித்தன.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் கதையே மாறிவிட்டது. நூறு கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்திய வாட்ஸ்அப், எல்லா உரையாடலும் இனிமேல் இரு முனைக்கும் இடையில் பூட்டப்படும் என்று அறிவித்தது. என் அக்காவும் அந்த நூறு கோடியில் ஒருத்தி. உரையாடலின் உச்சியில் மஞ்சள் பெட்டியில் ஒரு வரி வந்தது. விளம்பரம் என்று நினைத்து அக்கா தள்ளிவிட்டாள். என்ன வகை, எத்தனை பிட், எப்போது காலாவதி என்று அவளை யாரும் கேட்கவில்லை. மவுஸை ஆட்டச் சொல்லவில்லை. மளிகைப் பட்டியலும் பேத்தி படமும், 1993-ல் போர்த்தளவாடம் என்று சொல்லப்பட்டதைவிட மேலான பூட்டோடு போய்வருகின்றன. பழைய முறைக்காக ஏங்குகிறவன் அல்ல நான். மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு சீனியர் கிடைத்தவனுக்கு மட்டும்தான் அந்தரங்கம் என்றால், அது என்ன அந்தரங்கம்?

ஆனால் உதவிக்கு வந்த ஆளோடு சேர்த்து அவர் சொன்ன சாட்சியும் போய்விட்டது. அந்தப் பக்கம் இருப்பது அக்காவின் கீதான் என்று இப்போது எனக்குச் சொல்வது நிறுவனத்தின் சர்வர். சரிபார்க்க வழி இல்லாமல் இல்லை: தொடர்பு விவரத்துக்குள் போனால் 60 இலக்க எண் ஒன்று இருக்கிறது, இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அக்காவிடம் ஒருநாள் அதைக் காட்டினேன். “ஏன்டா, நான் நான்தான்னு உனக்கே சந்தேகமா?” என்றாள். 2023-ல் இந்தச் சரிபார்ப்பையும் செயலியே தானாகச் செய்துகொள்ளும் வசதியை வாட்ஸ்அப் அறிவித்தது. இனி ஒப்பிடவும் ஆள் வேண்டாம். கைரேகை என்ற சொல்லும் இடம் மாறிவிட்டது. அன்று அது சீட்டில் இருந்த 40 எழுத்து. இன்று பாஸ்வேர்டுக்குப் பதிலாக பாஸ்கீ போட்டு வங்கிக் கணக்குக்குள் நுழைகிறவர் நிஜமாகவே கட்டைவிரலை வைக்கிறார். உள்ளே நடப்பது அதே கையெழுத்து வேலைதான், அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பிஜிபி முறை சாகவில்லை. டெபியன் லினக்ஸின் தொகுப்புகள் கலப்படமில்லாமல் வந்தனவா என்று கையெழுத்தைப் பார்ப்பதும், பத்திரிகைகளுக்கு ரகசிய ஆவணம் அனுப்பும் செக்யூர்ட்ராப்பும் அதன் மேல்தான் நிற்கின்றன. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் 2020 முதல் தனியாக எதையும் நிறுவாமலே மடலைப் பூட்டலாம். தட்டுத்தடுமாறுகிறவர்கள் இப்போது ஏஐ சாட்பாட்டிடம் கேட்கிறார்கள். பொறுமையாகத்தான் சொல்கிறது, எங்கள் சீனியரைவிடப் பொறுமையாகவே. ஆனால் போன மாதம் ஒரு பையன், “அண்ணா, கீ சரியா வந்திருக்கான்னு அதுகிட்டக் கேட்டேன், நீங்களும் பாருங்க” என்று எனக்கு அனுப்பியது தன் பிரைவேட் கீயை. சாவியை எவனுக்கும் அனுப்பாதே என்று முகத்துக்கு நேரே திட்ட அங்கே ஆள் இல்லை. திட்டினேன். புதிதாக ஒன்று போட்டுக்கொடுத்தேன், ஒரு வருடக் காலாவதியோடு.

காலாவதி என்றதும் என் பழைய கதைக்கு வரவேண்டும். 2001-ல் ‘ஒருபோதும் இல்லை’ என்று என்டர் தட்டிய கீயை, பப்ளிக் கீக்களைப் பொதுவில் வைக்கும் கீ சர்வருக்கும் அனுப்பி வைத்தோம். அந்தக் காலத்துச் சர்வர்களில் எதையும் சேர்க்க முடியும், எதையும் அழிக்க முடியாது. 2019-ல் விஷமிகள், வேறு இருவருடைய கீக்களின் மேல் போலிக் கையெழுத்துகளை ஆயிரக்கணக்கில் கொட்டி, அவற்றைத் தொட்டாலே மென்பொருள் திணறும்படி செய்தது அந்தக் குணத்தை வைத்துத்தான். அதே ஆண்டு வந்த புதுச் சர்வர் ஒன்று, முகவரிக்காரரிடம் மடல் வழியாக ஒப்புதல் வாங்கிய பிறகே அவர் முகவரியை வெளியே காட்டுகிறது, கேட்டால் நீக்கவும் செய்கிறது. என் கீ அதற்கு முந்தைய காலத்தது. அதன் பிரைவேட் கீ இருந்த ஹார்டு டிஸ்க் 2008-ல் போய்விட்டது. ரத்துச் சான்றிதழ் ஒன்றை முன்கூட்டியே செய்து பத்திரமாக வைக்கச் சொன்னார் சீனியர், நான் செய்யவில்லை. இனி ஏதாவது வழி உண்டா என்று அவரையே கேட்டுப் பார்த்தேன். “இதுக்கு யாராவது உதவ முடிஞ்சா, அந்த மென்பொருளைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்” என்றார்.

போன வருடம் பழைய முகவரிக்கு ஒரு மடல் வந்திருந்தது. உள்ளே பூட்டிய எழுத்துக் குவியல். எழுதியவர் யாரென்று தெரியவில்லை. எங்கிருந்தோ என் உண்டியலைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறார். சாவி தொலைந்துவிட்டது, வெறும் மடலாகவே அனுப்புங்கள் என்று பதில் எழுதினேன். அவர் எழுதவில்லை.