ஏலத்தில் தேட வேண்டியது பிடி

புரோ கபடி வீரர் ஏலம் நெருங்கும்போதெல்லாம் தமிழ் தலைவாஸ் அணி எந்த ரெய்டரை வாங்கப்போகிறது என்ற பேச்சே எழுகிறது. விழுப்புரம் வட்டாரத்தில் கபடி பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வியே பிழையாகத் தோன்றுகிறது. தேட வேண்டியது தடுப்பாட்டக்காரர்களை. அதிலும் இணைந்து ஆடிப் பழகியவர்களை.

கபடியில் ஓரங்களில் நிற்கும் இரு கார்னர்களும் பாடி வருபவரின் காலைப் பற்றுகின்றனர். உள்ளே நிற்கும் இரு கவர்கள் பாய்ந்து அவரை மடக்க வேண்டும். கவர் அரை நொடி தாமதித்தாலும் கார்னர் வெளியேறுவார்; புள்ளியும் எதிரணிக்குப் போகும். ஆகவே, பிடி என்பது தனி ஒருவரின் வலிமையன்று, பலரின் ஒத்திசைவு.

தலைவாஸின் வரலாறே இதற்குச் சான்று. எட்டாவது பருவத்தில் சாகர் 82 டேக்கிள் புள்ளிகள் எடுத்தும் அணி பிளே ஆஃப் செல்லவில்லை. 2022-இல் ரூ.2.26 கோடிக்கு வாங்கப்பட்ட பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து தொடரை இழந்தார். ஆயினும், அந்த ஆண்டுதான் அணி முதன்முறையாக அரையிறுதி கண்டது. நரேந்தர் என்ற இளைஞர் புள்ளிகளைக் குவிக்க, சாகர், சாஹில் குலியா, தமிழகத்தின் அபிஷேக் உள்ளிட்டோர் களத்தைக் காத்தனர். 2024-இல் சச்சினுக்கு ரூ.2.15 கோடி கொடுத்தும் பிளே ஆஃப் வாய்ப்பு கிட்டவில்லை.

ரெய்டர் இல்லாமல் வெற்றி இல்லை என்பது உண்மைதான். ஆனால், பின்னால் பிடி தளர்ந்தால் அவர் கொண்டுவரும் புள்ளிகள் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராகிவிடும்.

பொங்கலையொட்டித் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடக்கும் ஆட்டங்களைப் பாருங்கள். ஒரே தெருவில் வளர்ந்த கார்னரும் கவரும் கண்ணசைவில் பேசிக்கொள்வார்கள். அவர்களில் பலர் பின்னர் அரசுக் கல்லூரிகளில் சேர்கின்றனர். மண்ணில் பழகிய அந்தக் கால்களுக்கு மேட் பயிற்சி கிடைப்பது அரிது. படிப்பு முடிந்ததும் பிழைப்பு அழைக்கிறது. ஆட்டம் அத்துடன் நின்றுவிடுகிறது.

புதிய இளம் வீரர்களுக்கென லீக்கில் தனிப் பிரிவே இருக்கிறது. அதற்கான தேடலைக் கல்லூரி மைதானங்களிலிருந்து தொடங்கலாம். தனி வீரரை அன்று, சேர்ந்து பிடிக்கத் தெரிந்த இணைகளைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு மேட்டில் பழக்கலாம். கோடிகளில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும். அணியின் பெயரில் உள்ள தமிழ், அதன் தடுப்பு வரிசையிலும் இருக்கட்டும்.