போனை ஒட்டுக்கேட்டதே சட்டவிரோதம்னா, அந்த ரெக்கார்டிங் கோர்ட்டில் செல்லுமா?

இன்றைய எபிசோடில் கொஞ்சம் சங்கடமான ஒரு கேள்வி. ஒருத்தர் லஞ்சம் பற்றிப் பேசியதாக ஒரு போன் ரெக்கார்டிங் இருக்கு. குரல் அவருடையதுதான்னே வச்சுக்குவோம். ஆனால் அதைப் பதிவு செய்த முறை சட்டவிரோதம். நீதிபதி அதைச் சாட்சியமாக எடுத்துக்கலாமா?

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதுக்கு ஒரு பதில் சொன்னது. 2011 ஆகஸ்டில், கல்வி நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநராக இருந்தவருடைய போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை உத்தரவு போட்டிருந்தது. வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் தரப் பார்த்தார்கள் என்பது சிபிஐ-யின் குற்றச்சாட்டு. அவர் அந்த உத்தரவையே எதிர்த்து மனு போட்டார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவை ரத்து செய்து, அதன் வழியாகக் கிடைத்த பேச்சுகளைப் பயன்படுத்தக் கூடாதுன்னும் சொன்னார்.

ஏன்? 1885-ஆம் வருஷத்து தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவுப்படி, பொது அவசரநிலை இருக்கணும், இல்லைன்னா பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து இருக்கணும். அந்த ரெண்டில் ஒன்றாவது இருந்தால்தான் அடுத்த பேச்சே. 1996-இல் பியுசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: இந்த நிலைமைகள் ரகசியமானவை இல்லை, சாதாரண மனுஷனுக்கே கண்ணுக்குத் தெரியணும். ஒரு லஞ்சக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாக நடக்கும் வேலை இதுக்குள் வராதுன்னு சென்னை நீதிமன்றம் முடிவு பண்ணியது.

அடுத்தது நடைமுறை. 2007-இல் வந்த 419-ஏ விதிப்படி, ஒட்டுக்கேட்பு உத்தரவின் நகல் ஏழு வேலை நாளுக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போகணும். இந்த வழக்கில் ஒட்டுக்கேட்ட பேச்சுகளைக் குழு முன்னாடி வைக்கவே இல்லை.

"ஒரு ஃபைல் போகலைன்னா என்ன இப்போ?"ன்னு தோணலாம். இங்கேதான் விஷயமே இருக்கு. இந்தியாவில் போனை ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி தேவையில்லை. உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டால் போதும். மறுஆய்வுக் குழுவிலும் அரசு அதிகாரிகள்தான். யாருடைய போனைக் கேட்கிறாங்களோ, அவருக்குத் தகவல் சொல்ல மாட்டாங்க. பெரும்பாலும் குற்றப்பத்திரிகை கைக்கு வரும்போதுதான் தெரியும். அதனால் நமக்கு இருக்கிற ஒரே காவல் அந்தக் காகித நடைமுறைதான். அதையும் விட்டுட்டா வேறு எதுவும் மிச்சமில்லை.

எதிர்த்தரப்பு வாதமும் பலமானதுதான். 1973-இல் பூரண்மல் வழக்கில், சட்டவிரோதமாகக் கிடைத்த ஆதாரமாக இருந்தாலும் வழக்குக்குச் சம்பந்தம் இருந்தால் செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2005-இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கிலும் அதே போக்குதான். ஆனால் பூரண்மல் தீர்ப்பு சாய்ந்து நின்ற தூண் என்னன்னு பாருங்க. அமெரிக்காவின் நாலாவது திருத்தம் மாதிரி ஒரு அந்தரங்க உரிமை நம்ம அரசியலமைப்பில் இல்லை என்ற 1954-ஆம் வருஷத்துக் கருத்து. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தத் தூணையே எடுத்துட்டாங்க. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஆயிடுச்சு. அதை வச்சுத்தான் 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மூன்று ஒட்டுக்கேட்பு உத்தரவுகளை ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது.

இதோட முடிஞ்சிடலை. சென்னைத் தீர்ப்புக்குச் சில நாள் முன்னாடிதான், 2025 ஜூனில், டெல்லி உயர் நீதிமன்றம் ஊழல் வழக்கு ஒன்றில் ஒட்டுக்கேட்பு செல்லும்னு சொன்னது. பெரிய அளவிலான ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையே பாதிக்கும், அதுவும் பொதுப் பாதுகாப்புதான் என்பது அவங்க வாதம். ஆக, ஒரே சட்டத்தை ரெண்டு நீதிமன்றம் ரெண்டு விதமாகப் படிக்குது.

இப்படி ஒரு வழக்கில் வக்கீல் கேட்க வேண்டியது நாலு விஷயம். உத்தரவில் காரணம் எழுதியிருக்கா, இல்லை சட்டத்தின் வார்த்தைகளை அப்படியே காப்பி பண்ணியிருக்காங்களா? மறுஆய்வுக் குழு பார்த்துச்சா? 60 நாள் கெடுவும், நீட்டித்தால் மொத்தம் 180 நாள் என்ற எல்லையும் தாண்டலையா? மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இருக்கா? விசாரணை நீதிமன்றத்தில் மட்டும் ஆட்சேபம் சொன்னால் பூரண்மல் குறுக்கே வரும். அதனால் உயர் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவையே ரத்து செய்யக் கேட்கிறது பலமான வழின்னு நினைக்கிறேன்.

இப்போ தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் வருஷத்து தொலைத்தொடர்புச் சட்டமும், 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இருக்கு. அவசரமாகப் போட்ட உத்தரவு ஏழு வேலை நாளுக்குள் உறுதியாகலைன்னா, கிடைத்த பேச்சை நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூடப் பயன்படுத்தக் கூடாதுன்னு அந்த விதிகளிலேயே எழுதியிருக்காங்க. அனுமதி தருவது மட்டும் இன்னும் அதிகாரிகள் கையில்தான்.

"அப்போ குற்றவாளி தப்பிச்சுடுவானே?"ன்னு கேட்பீங்க. சென்னைத் தீர்ப்பு அந்த வழக்கையே தூக்கி எறியலை. மற்ற ஆதாரங்களை விசாரணை நீதிமன்றம் தனியாகப் பார்க்கலாம். போலீஸ் சட்டத்தை மீறி எடுத்ததை நீதிமன்றம் வாங்கிக்கிட்டே இருந்தால், அடுத்த முறை சட்டப்படி நடக்க அவங்களுக்கு என்ன காரணம் இருக்கும்? என் வோட்டு சென்னைத் தீர்ப்புக்குத்தான். உங்க கருத்து வேறயா இருந்தால் எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.