மூச்சு கலந்த மெய்கள்

காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் தமிழ் மட்டும் ஒலிப்பதில்லை. தெலுங்கும் கன்னடமும் உண்டு. சில வீடுகளில் சௌராஷ்டிரமும் கேட்கும். குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவான இம்மொழி மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம் என்று பட்டுநூல்காரர் எனப்படும் சௌராஷ்டிரர் குடியேறிய ஊர்களிலெல்லாம் வாழ்கிறது. 2011 கணக்கெடுப்பில் இதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2,47,702 பேர்.

இதன் மெய்யொலிகள்தான் என்னை வியக்க வைப்பவை. இந்தி கேட்டவருக்கு மூச்சோடு வரும் வல்லினம் பழக்கமானது. சௌராஷ்டிரத்திலோ ம, ந, ர, ல ஆகியவற்றுக்கும் மூச்சு கலந்த இணைகள் இருக்கின்றன. குரல்நாண்கள் முழுதாக மூடாமல், காற்றைக் கசியவிட்டபடியே அதிரும்போது இவை பிறக்கும். ம்ஹ, ல்ஹ என்று நாம் இரண்டெழுத்தாக எழுதினாலும் அவர்கள் வாயில் அது ஒரே ஒலி. இவற்றுக்காகவே சௌராஷ்டிர எழுத்தில் 'ஹாரு' என்றொரு குறி உண்டு. மதுரை தொ.மு. ராமராய் (1852–1913) அந்த எழுத்தைச் சீர்படுத்திப் பாடநூல்கள் அச்சிட்டார்.

இந்த மூச்சு எளிதில் தேய்ந்துபோகக்கூடியது. பஞ்சாபியில் அது போய்விட்டது. குதிரையைக் குறிக்கும் 'கோடா'வின் முதலெழுத்து அங்கே வெறும் வல்லின ககரமாகி, இழந்த மூச்சுக்கு ஈடாகக் குரல் தாழ்ந்து ஒலிக்கிறது.   சௌராஷ்டிரம் அந்தப் பக்கம் போகவில்லை. தமிழர் நடுவே பல நூற்றாண்டு வாழ்ந்தும் மூச்சை விட்டுவிடவில்லை.

இலக்கணத்தில் அப்படியில்லை, தமிழ் ஆழமாகவே இறங்கியிருக்கிறது. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதில் 'என்று' செய்யும் வேலையை அங்கே 'மெனி' செய்கிறது. நம் சொல்லைப் போலவே அதுவும் 'சொல்லி' என்ற பொருளுள்ள வினையெச்சம்தான்.

இன்று பெரும்பாலும் தமிழ் எழுத்திலேயே சௌராஷ்டிரம் எழுதப்படுகிறது. தமிழில் இல்லாத ஒலிகளுக்கு எழுத்தின் தோளில் சிற்றெண்ணும், பக்கத்தில் முக்காற்புள்ளியும் இடுவார்கள். வீடு என்பது கே⁴ர். அவசரத்தில் அந்த 4 விடுபட்டால், மொழி அறியாதவர் அதை மூச்சில்லாமல் வாசிப்பார். வீட்டில் கேட்டு வளராத பேரப்பிள்ளையும் அப்படித்தான் வாசிக்கும். 2008 முதல் சௌராஷ்டிர எழுத்து யூனிகோடில் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதையோ, குறைந்தபட்சம் அந்தச் சிற்றெண்களையோ கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும்.