கொண்டைக்கடலையும் வெறுப்புப் பேச்சும்

பர்மிய மொழியில் 'கலா' என்று ஒரு சொல் உண்டு. நம் காதுக்கு அது ஒரு பெண்ணின் பெயர். அங்கே அது இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்களைக் குறிக்கும் சொல். தமிழர், தெலுங்கர், வங்காளி, இந்து, முஸ்லிம் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒரு காலத்தில் ஐரோப்பியரைக்கூட 'கலா ப்யூ', அதாவது வெள்ளைக் கலா, என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். போகப்போக இந்தச் சொல் கறுத்த தோலையும் 'நீ இந்த மண்ணுக்காரன் இல்லை' என்பதையும் சேர்த்துக் குத்திக்காட்டும் வசையாக மாறியது. கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களில் அது அதிகமாகப் பாய்ந்தது முஸ்லிம்கள் மீது.

2017இல் இந்தச் சொல் உள்ள பதிவுகளை ஃபேஸ்புக் நீக்க ஆரம்பித்தது. இனம் பற்றிய பேச்சை இணையத்தில் எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற விவாதத்தில், எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும் உதாரணம் இதுதான்.

என்ன ஆச்சுன்னா, பர்மிய மொழியில் இந்தச் சொல் தனியாக இருப்பதில்லை. மேற்கிலிருந்து வந்த பல பொருட்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலி, ஒட்டகம், திரைச்சீலை, கொண்டைக்கடலை என்று நான்குக்குமே பெயர் 'கலா'வில்தான் தொடங்கும். விளைவு, கொண்டைக்கடலை பற்றி எழுதியவர்களின் பதிவுகள் வெறுப்புப் பேச்சு என்று காணாமல் போயின. 'இந்தச் சொல்லைத் தடைசெய்துவிட்டார்களாம், சரியா?' என்று விவாதித்தவர்களின் பதிவுகளும் போயின. தாக்கும் நோக்கத்தில் பயன்படுத்தினால் மட்டுமே நீக்குவது தங்கள் கொள்கை என்றும், சூழலைப் புரிந்துகொள்வதில் சிக்கல் ஏற்பட்டது என்றும் 2017 ஜூனில் அந்த நிறுவனமே எழுதியது.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியன்மார் ராணுவத்தின் தாக்குதலுக்குத் தப்பி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த மக்களைப் பற்றிய வெறுப்பைப் பரப்பியதில் ஃபேஸ்புக்குக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஐ.நா.வின் விசாரணைக் குழு 2018இல் சொன்னது. தாங்கள் போதுமான அளவு செயல்படவில்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

அதாவது கடலை போய்விட்டது, கொலைவெறி இருந்தது. 2018 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ரோஹிங்யாக்களையும் மற்ற முஸ்லிம்களையும் தாக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளும் படங்களும் அப்போதும் ஃபேஸ்புக்கில் கிடந்தன. அதில் ஒரு பதிவு, கண்ணில் படும் கலாக்கள் எல்லோரையும் கொல்லச் சொல்கிறது. ஃபேஸ்புக்கின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஆங்கிலத்தில் எப்படிக் காட்டியது தெரியுமா? மியன்மாரில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது என்று! கட்டுரை வந்த பிறகு பர்மிய மொழிபெயர்ப்பு வசதியையே எடுத்துவிட்டார்கள்.

இதற்குப் பின்னால் இருந்த காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை. ராய்ட்டர்ஸ் கணக்குப்படி 2015 தொடக்கத்தில் புகார் வந்த பதிவுகளைப் பார்க்க, பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் இருந்தார்கள். 2018இல் அந்த நாட்டில் பயனர்கள் சுமார் 1.8 கோடி. இன்னொன்று எழுத்துரு. நம்மில் பாமினியில் தட்டச்சு செய்து, அது யூனிகோடில் கன்னாபின்னாவென்று தெரிந்து அவதிப்பட்டவர்கள் இருப்பார்கள். அதே கதைதான். பெரும்பாலான பர்மியர்கள் அப்போது ஸாவ்ஜி என்ற யூனிகோடுக்கு ஒத்துவராத எழுத்துருவில் எழுதினார்கள். திரையில் எழுத்து ஒன்றுபோலத் தெரிந்தாலும் இயந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு.

ஆளும் இல்லை, இயந்திரத்துக்கும் படிக்கத் தெரியவில்லை என்றால் மிஞ்சுவது சொல் பட்டியல். பட்டியல் மலிவு, 'நாங்கள் நடவடிக்கை எடுக்கிறோம்' என்று காட்டவும் வசதி.

பட்டியலால் பிடிக்கவே முடியாத ஆபத்தும் இருக்கிறது. 2014 ஜூலையில் மாண்டலே நகரில், ஒரு முஸ்லிம் டீக்கடைக்காரர் தன்னிடம் வேலை பார்த்த பௌத்தப் பெண்ணை வன்புணர்வு செய்தார் என்ற பொய் ஃபேஸ்புக்கில் பரவியது. கலவரத்தில் ஒரு பௌத்தரும் ஒரு முஸ்லிமும் செத்தார்கள். இப்படி ஒரு பொய்யைப் பரப்ப வசைச்சொல் எதுவும் தேவையில்லை. செய்தி மாதிரியான சுத்தமான நடையே போதும்.

வசைக்கு ஆளானவர்களின் பேச்சு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு உலகமெங்கும் போராட்டம் நடந்தபோது, மியன்மார் இளைஞர்கள் 'என்னைக் கலா என்று கூப்பிடாதே' என்று ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். அந்தப் பிரசாரத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. 2017இல் செய்தது போலச் சொல்லைப் பார்த்து மட்டும் நீக்கினால் முதலில் போவது இதுதான். அவமானப்பட்டவர், தான் எந்தச் சொல்லால் அவமானப்பட்டார் என்பதைக்கூடச் சொல்ல முடியாது.

இது பர்மிய மொழிக்கு மட்டும் வந்த சிக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபேஸ்புக்கின் தாய்மண்ணான அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வு, வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிக்க இயந்திரங்களைப் பழக்கும் தரவுகளைப் பரிசோதித்தது. கறுப்பின மக்களின் ஆங்கில வழக்கில் எழுதப்பட்ட ட்வீட்டுகளை, புண்படுத்துபவை என்று அந்த இயந்திரங்கள் முத்திரை குத்தும் வாய்ப்பு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வரை அதிகமாக இருந்தது. நண்பர்கள் தங்களுக்குள் உரிமையோடு பேசிக்கொள்வதும் இதில் அடிபடும். ஆனால் அதே ஆய்வில் நம்பிக்கை தரும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. தரம் பிரிக்கும் மனிதர்களிடம் 'இது இன்ன வட்டார வழக்கு' என்று முன்னாலேயே சொன்னபோது, அப்படி முத்திரை குத்துவது கணிசமாகக் குறைந்தது. யார் பேசுகிறார்கள் என்ற ஒரு தகவல் போதும், தீர்ப்பு மாறிவிடுகிறது.

'அப்படியானால் எதையும் நீக்க வேண்டாம், எல்லாம் கருத்துச் சுதந்திரம்தானே' என்று சிலர் வருவார்கள். மியன்மாரில் அச்சுக்கு முன் தணிக்கை செய்யும் முறை ஒழிந்தது 2012 ஆகஸ்டில்தான். அரை நூற்றாண்டு தணிக்கைக்குப் பிறகு பேசக் கிடைத்த மக்களுக்குத் தடை என்றாலே கசப்பது நியாயம். ஆனால் 'கொல்லு' என்ற அழைப்பு, கொல்லப்படப் போகிறவரின் வாயை மூடுவதற்கான அழைப்பும்தான். அதை விட்டுவைப்பதில் யாருடைய சுதந்திரமும் வளரவில்லை.

எனக்கும் இதில் ஒட்டும் உறவும் இருக்கிறது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். 1930இலும் 1938இலும் கலவரங்கள், 1942இல் நடந்தே திரும்பியவர்கள், 1960களில் சொத்தை இழந்து கப்பலேறியவர்கள். சென்னையின் பர்மா பஜார் அந்த வரலாற்றின் மிச்சம். 'கலா' என்று அழைக்கப்பட்டவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆகவே அந்தச் சொல்லை ஒரேயடியாகத் துடைத்துவிடு என்றுதான் நான் கேட்க வேண்டும், இல்லையா?

கேட்க மாட்டேன். ஒரு பதிவைப் பார்ப்பவருக்கு மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். யார் சொல்கிறார்? யாரைப் பார்த்து? அவர்களை என்ன செய்யச் சொல்கிறார்? இவற்றுக்குப் பதில் சொல்ல அந்த மொழியில் வாழ்கிற மனிதர்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளமும் அவகாசமும் வேண்டும். அது செலவு பிடிக்கும் வேலை. 1.8 கோடிப் பேரிடம் கடை விரித்தவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.