மலாக்காவின் பெயர் கொண்ட கோரை - இது புல் இல்லையா?

கோரைப்பாயில் படுத்ததுண்டா? பாட்டி வீட்டில் சுருட்டி மூலையில் சாய்த்து வைத்திருப்பார்களே, அதுதான்.

அந்தக் கோரையின் உறவுக்காரச் செடி ஒன்றுக்கு மலாக்காவின் பெயர் இருக்கிறது: 'சைப்பரஸ் மலாக்கென்சிஸ்'. 1791ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க் வைத்த பெயர். பரிணாமப் பாடத்தில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு வருவாரே, அவரேதான்!

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அலையேற்றத்தின்போது உப்புநீர் ஏறி இறங்கும் சேற்றில் இது கூட்டமாக வளரும். சுமார் ஒரு மீட்டர் உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் யாருமே புல் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உருளாது, முட்டும். மூன்று பட்டையாக இருக்கும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டை, நடுவே கணு இருக்கும். இதில் கணுவே இல்லை.

மூன்று என்ற எண் இந்தச் செடியை விடவே விடாது. பூங்கொத்துக்குக் கீழே இலைபோல் நீட்டிக்கொண்டிருப்பவை மூன்று. ஒவ்வொரு குட்டிப் பூவிலும் மகரந்தத்தாள்கள் மூன்று, சூல்முடியின் கிளைகள் மூன்று. விதை அளவே உள்ள காய்க்கும் மூன்று பக்கம்!

பூவில் வண்ண இதழ்கள் கிடையாது. பூச்சிகளை ஈர்க்கத் தேவையில்லை, மகரந்தத்தைக் காற்று கொண்டுபோய்விடும். இலையும் பேருக்குத்தான், அடியில் உறைபோல் சுற்றியிருக்கும். உணவு தயாரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்கிறது.

நீளமான, கணுவில்லாத தண்டு. பாய் முடைபவருக்கு வேறென்ன வேண்டும்? வியட்நாமின் தான் ஹோவா மாநிலத்தில் உள்ள ஙா சோன் பாய்கள் இந்தக் கோரையில்தான் செய்யப்படுகின்றன. ஜப்பானின் குனிசாக்கித் தீபகற்பத்தில் இதன் ஒரு வகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, காயவைத்துப் பாய் பின்னுகிறார்கள். உறுதியானது என்பதால் அந்தக் காலத்து ஜூடோ கூடங்களிலும் அதை விரித்தார்கள். அதை இன்று பயிரிடுவோர் மிகச் சிலரே. தமிழ்நாட்டின் பத்தமடைப் பாய்க்குப் பயன்படுவது இதே சைப்பரஸ் இனத்தின் வேறு கோரை.

தண்டை அறுத்தாலும் செடிக்குக் கவலையில்லை. சேற்றுக்குள் படரும் கிழங்குத்தண்டு மறுபடி துளிர்விடும், கரை மண்ணையும் பிடித்துவைக்கும். கரையைக் கான்கிரீட்டால் மூடிவிட்டால்தான் சிக்கல். வேர்விடச் சேறு வேண்டுமே!